வானொலிப் பாட்டும் நேயர் வாதமும்: கொச்சங்காடியிலிருந்து ஒரு பார்வை

தமிழ்நாட்டுக்கு வெளியே குடியிருக்கும் நம் குடும்பங்களில் தமிழ் எந்த வழியாகத் தங்கியிருக்கிறது என்று சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் பலருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வருவதில்லை. ஆனால் பழைய சினிமாப் பாட்டு ஒன்று ஒலித்தால் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கூடவே பாடிவிடுகிறார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பாட்டுதான் தமிழ்ப் பாடப்புத்தகம்.

அந்தப் பாடப்புத்தகத்தைத் தொகுத்தது யார்? ஆயிரக்கணக்கில் வந்த பாடல்களில் இது நிற்கட்டும், அது போகட்டும் என்று முடிவு செய்தது யார்? ரேடியோ ஒரு பாதி. அதைக் கேட்டுவிட்டுத் திண்ணையிலும் டீக்கடையிலும் வாதாடிய நேயர்கள் மறுபாதி. இவ்விரு தரப்பும் சேர்ந்து ஒரு பாட்டை எப்படி நிலைநிறுத்தின, இன்று அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கொச்சங்காடியின் காதுகள்

மட்டாஞ்சேரியில் கொச்சங்காடி சிறிய இடம். ஆனால் அதன் பெயர் பழையது. இங்கே 1344-ல் யூதர்கள் ஒரு தொழுகைக்கூடம் கட்டினார்கள். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அதன் கல்வெட்டு மட்டும் யூதத் தெருவில் உள்ள பரதேசி தொழுகைக்கூடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே செம்பிட்டப் பள்ளி என்னும் பழைய மசூதி. நடந்து போகிற தூரத்தில் குஜராத்திகள், கச்சி மேமன்கள், கொங்கணிகள், தக்கினி உருது பேசுவோர், தமிழர்கள் என்று பல மொழிக் குடும்பங்கள். ஃபோர்ட் கொச்சி வேளியில் தோபிகானாவில் துணி வெளுக்கும் குடும்பங்களும் தமிழ் வழி வந்தவர்களே.

இத்தனை மொழிக்காரர்கள் ஒரே தெருவில் இருந்தால் பொதுப்பேச்சு எது? பாட்டுத்தான். மட்டாஞ்சேரிப் பக்கம் கல்யாண வீடுகளிலும் மாடி அறைகளிலும் ஹார்மோனியமும் தபலாவும் வைத்து மெஹ்ஃபில் நடத்தும் வழக்கம் உண்டு. அந்தச் சூழலில் வளர்ந்தவர் எச். மெஹபூப். 1926-ல் ஃபோர்ட் கொச்சியில் பிறந்து 1981-ல் காலமானவர். தாய்மொழி உருதுவாக இருந்தும் மலையாள சினிமாவின் முதல் தலைமுறைப் பாடகர்களில் ஒருவரானார். ஜீவிதநௌகா (1951), நீலக்குயில் (1954) போன்ற படங்களில் பாடினார். ஆனாலும் சினிமா வாய்ப்பைத் தேடி அலையாமல், தம் ஊர்க் கல்யாண வீடுகளில் பாடுவதையே விரும்பியவர் என்று கொச்சிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அவர் வழியில் வந்தவர் மட்டாஞ்சேரி உம்பாயி. மலையாளத்தில் கஸல் பாடிப் பெயர் பெற்ற அவர் 2018 ஆகஸ்டில் மறைந்தார்.

மெஹ்ஃபிலில் கேட்பவர் சும்மா இருப்பதில்லை. "பாய், அந்த இடத்த இன்னொரு தடவ" என்பார். பாடகர் ஒரு சங்கதியை மாற்றினால் முகம் சுளிப்பார், அல்லது "வாஹ்" என்பார். இப்படிக் கேட்டுப் பழகிய காதுகள்தான் வீட்டுக்குப் போய் ரேடியோப் பெட்டியைத் திருகின.

பெயர் சொல்லாத ரேடியோ, பெயர் சொன்ன ரேடியோ

இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஒன்று, அன்று பெரிய தகராறாக இருந்தது. பாட்டுப் போடும்போது யார் பெயரைச் சொல்வது என்பதே அந்தத் தகராறு.

1949-ல் வந்த மஹல் என்ற இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் ஒரு பாட்டுப் பாடினார். இசை கேம்சந்த் பிரகாஷ். இசைத்தட்டு வெளியானபோது அதில் பாடியவர் பெயராக அச்சானது "காமினி". அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர்! பின்னணிப் பாடகரின் பெயரைத் தட்டில் போடும் வழக்கம் அப்போது சரியாக வேரூன்றவில்லை. பாட்டு ரேடியோவில் ஒலித்ததும் பாடியவர் யார் என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. இசைத்தட்டுக் கம்பெனியிடம் கேட்டு நிலையத்தார் லதாவின் பெயரை அறிவித்தனர். ஒரு பாடகியின் பெயரை வெளியே கொண்டுவந்தது நேயர்களின் நச்சரிப்புத்தான்.

அடுத்து 1952. மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சராக பி.வி. கேஸ்கர் பொறுப்பேற்றார். சினிமாப் பாட்டின் மீது அவருக்கு மதிப்பு இல்லை. சாஸ்திரிய சங்கீதத்தை வளர்க்க நினைத்தார். சினிமாப் பாட்டுக்கான நேரம் சுருங்கியது. படத்தின் பெயரைச் சொன்னால் அது இலவச விளம்பரமாகிவிடும், பாடகர் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்றும் ஏற்பாடு. படத் தயாரிப்பாளர்கள் விடுவார்களா? பாட்டை ஒலிபரப்பக் கொடுத்த அனுமதியையே திரும்பப் பெற்றார்கள்.

இந்த இடைவெளியில்தான் இலங்கை வானொலி புகுந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளின் ஒலிபரப்புக்காக அமைக்கப்பட்ட பலமான சிற்றலைக் கருவி அவர்கள் கையில் இருந்தது. சிற்றலை, வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வெகுதூரத்தில் இறங்கும். ஆகவே கொழும்பிலிருந்து புறப்பட்ட பாட்டு பம்பாய்க்கும் பாட்னாவுக்கும் போய்ச் சேர்ந்தது. கடலை ஒட்டிய கொச்சிக்குக் கேட்கவே வேண்டாம். 1952 டிசம்பரில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா தொடங்கியது. ஆகாசவாணியும் சும்மா இருக்க முடியவில்லை. 1957 அக்டோபர் 3 அன்று விவித்பாரதியைத் தொடங்கியது.

நம் காதுக்கு வந்த தமிழ்

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை நமக்குச் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்களைப் பெரியவர்கள் இன்றும் அடையாளம் சொல்வார்கள். காலையில் பொங்கும் பூம்புனல், பிறகு பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம், இசையும் கதையும் என்று நிகழ்ச்சிகளுக்கே அழகான தமிழ்ப் பெயர்கள். கடிகாரம் இல்லாத வீட்டிலும் எந்த நிகழ்ச்சி ஓடுகிறது என்பதை வைத்து அடுப்பில் உலை வைப்பார்கள். நிலையத்தின் பெயர் 1967-லும் 1972-லும் மாறியது. ஆனால் நம் வீடுகளில் அது என்றும் "சிலோன் ரேடியோ"தான்.

முக்கியமான செய்தி என்னவென்றால், அந்த அறிவிப்பாளர்கள் பாட்டை வெறுமனே போட்டுவிட்டுப் போகவில்லை. படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று தெளிந்த உச்சரிப்பில் சொல்லிவிட்டுத்தான் தட்டைச் சுழல விட்டார்கள். தினமும் இதைக் கேட்ட அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும், பள்ளிக்கூடம் போகாதவர்களுக்குங்கூட, கண்ணதாசன் யார், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் யார், கே.வி. மகாதேவன் யார் என்று தெரிந்தது. பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதன் "நம்ம பக்கத்து ஆளு" என்று கேரளத் தமிழர்கள் பெருமைப்பட்டதும் பெயர் காதில் விழுந்ததால்தானே?

கடிதம் எழுதிய கூட்டம்

இந்த ஏற்பாட்டில் நேயர் வெறும் காது அல்ல, கையும் உள்ளவர். கார்டு வாங்கி எழுதிப் போடுவார். வடக்கே ஜும்ரி தலையா என்றொரு ஊர் (இன்று ஜார்க்கண்டில் இருக்கிறது). அபிரகச் சுரங்கத்துக்குப் பெயர் பெற்ற அந்தச் சிற்றூர், விருப்பப் பாட்டுக் கடிதங்களால்தான் நாடெங்கும் பிரபலமானது. பினாகா கீத்மாலாவின் வரிசையும் இசைத்தட்டு விற்பனையை மட்டும் வைத்து அமையவில்லை. ஊர் ஊராக இருந்த நேயர் மன்றங்கள் வாரந்தோறும் அனுப்பிய பட்டியலும் கணக்கில் சேர்ந்தது.

மன்றத்தில் பட்டியல் தயாரிப்பது எளிதா? பத்துப் பேர் உட்கார்ந்தால் பதினோரு அபிப்பிராயம். எனக்குப் பிடித்த பாட்டு முதலில் வர வேண்டுமென்றால் ஏன் என்று சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லிப் பழகியதில் ரசனை வளர்ந்தது.

வாதங்கள் மூன்று வகை

பழைய பாட்டு ரசிகர்களின் வாதங்களைக் கவனித்தால் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்.

முதலாவது, "யார் முந்தி?" என்ற வாதம். கே.ஜே. யேசுதாஸ் 1940-ல் ஃபோர்ட் கொச்சியில் பிறந்தவர், நம் ஊர்க்காரர். அவர் தமிழில் முதலில் பாடிய படம் எது? எஸ். பாலசந்தரின் பொம்மை (1964) என்பது ஒரு கட்சி. வேதா இசையமைத்த கொஞ்சும் குமரி 1963-லேயே வந்துவிட்டதே என்பது எதிர்க்கட்சி. "வந்தது முந்தியா இருக்கலாம், பாடினது பொம்மைக்குத்தான் முந்தி" என்று முதல் கட்சி மறுபடி எழும். இப்படி ஒரு வாதம் நடந்தால், பாட்டு பதிவாகும் நாளும் படம் திரைக்கு வரும் நாளும் வேறு வேறு என்ற விவரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குச் சொல்லாமலே புரிந்துவிடும்.

இரண்டாவது, "மூலமா, நகலா?" என்ற வாதம். 1950-களின் தொடக்கத்தில் மலையாளப் பாட்டுகள் பல இந்தி மெட்டில் வந்தவை. நீலக்குயிலில் கே. ராகவன் நாட்டார் மெட்டுகளைக் கொண்டுவந்து அந்தப் போக்கை மாற்றினார். தமிழிலும் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் வேதா இந்தி மெட்டுகளைத் தமிழாக்கித் தந்தார். ஆனால் அதே கண்கள் (1967) படத்துப் பாட்டுகளைக் காட்டி, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று அவருக்காக வாதாடும் ரசிகர்கள் உண்டு. இந்தியும் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் ஒலித்த மட்டாஞ்சேரியில் இந்த வாதம் சூடு பிடிக்கக் கேட்க வேண்டுமா? மூன்று மொழி வடிவமும் தெரிந்தவர்கள் அல்லவா எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்!

மூன்றாவது, "தட்டா, படமா?" என்ற வாதம்.

"என்ன அண்ணாச்சி, அந்தப் பாட்டுல இன்னொரு சரணம் இருக்குல்ல?"

"படத்துல இருக்கு தம்பி. தட்டுல இல்ல."

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் கொள்ளும். படத்தில் நீளமாக வந்த பாட்டைத் தட்டுக்காகச் சுருக்குவார்கள். தட்டில் இருந்ததே ரேடியோவில் வந்தது. ஆகவே ரேடியோவில் கேட்டவரும் கொட்டகையில் கேட்டவரும் ஒரே பாட்டை இரண்டு விதமாக நினைவில் வைத்திருப்பார்கள்.

மேற்கே நடந்த கதை

இது நம் ஊரில் மட்டும் நடந்தது என்று எண்ண வேண்டாம். ஆங்கில ராக் பாட்டு ரசிகர்களும் இதே மாதிரிதான். கொச்சிக்கும் அந்தச் சங்கதி புதிதல்ல. எறணாகுளத்து ஹோட்டல் மேடையில் ராக் வாசித்து வளர்ந்த 13 ஏ.டி. என்ற குழு 1990-ல் கிரவுண்ட் ஜீரோ என்ற ஆல்பத்தை வெளியிட்டது.

லெட் செப்பலின் குழுவின் ஸ்டேர்வே டு ஹெவன் 1971-ல் வந்தது. எட்டு நிமிடப் பாட்டு. அமெரிக்காவில் அதைத் தனிப்பாட்டுத் தட்டாக வெளியிடவே இல்லை. ஆனாலும் எஃப்.எம். நேயர்கள் கேட்டுக் கேட்டே அது அந்நாட்டு ரேடியோவில் அதிகம் விரும்பப்பட்ட பாட்டுகளில் ஒன்றானது. 1975-ல் குவீன் குழுவின் பொஹீமியன் ராப்சடி ஆறு நிமிட அளவு. "இவ்வளவு நீளமான பாட்டை எந்த நிலையம் போடும்?" என்று கம்பெனிக்காரர்கள் தயங்கினார்கள். லண்டன் கேப்பிட்டல் ரேடியோவின் கென்னி எவரெட் ஒரே வார இறுதியில் அதைப் பதினான்கு முறை போட்டுவிட்டார். கடைகளில் ஆட்கள் தட்டைக் கேட்டு வரத் தொடங்கினார்கள். பிறகு அது பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. ரசனையுள்ள ஓர் அறிவிப்பாளரும் விடாப்பிடியான நேயர்களும் சேர்ந்தால் வியாபாரக் கணக்கு தோற்றுவிடும் என்பதற்கு இது சாட்சி.

எதிர்ச்சாட்சியும் உண்டு. 1959-ல் அமெரிக்க ரேடியோவில் பேயோலா என்ற ஊழல் வெடித்தது. காசு வாங்கிக்கொண்டு குறிப்பிட்ட தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆலன் ஃபிரீட் போன்ற பேர்பெற்ற அறிவிப்பாளரே வேலையை இழந்தார். பின்னர் 1980-களில் கிளாசிக் ராக் என்ற பெயரில் பழைய பாட்டுகளுக்கென்றே நிலையங்கள் தோன்றின. பாட்டின் சில விநாடித் துண்டைப் போட்டுக் காட்டி, பிடிக்கிறதா என்று மதிப்பெண் வாங்கும் முறை வானொலிகளில் பரவியது. கேட்டவுடன் அடையாளம் தெரிகிற பாட்டு மட்டுமே இதில் தேறும். மெதுவாகப் பிடிக்கிற பாட்டு உதிர்ந்துவிடும். விளைவாக, அந்த நிலையங்கள் சில நூறு பாட்டுகளையே சுற்றிச் சுற்றிப் போடலாயின.

அடிக்கடி ஒலிப்பது வேறு, நிலைத்து நிற்பது வேறு

இந்த இரண்டு சாட்சியையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஒரு பாட்டு அடிக்கடி ஒலிப்பதற்குப் பல காரணம் இருக்கலாம். விளம்பரதாரர் விருப்பம், காசு, மதிப்பெண் கணக்கு, சோம்பல். அது நிலைத்து நிற்க வேண்டுமென்றால் மட்டும், அதைக் கேட்டவர்கள் அதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். பிடிக்கும் என்றோ பிடிக்காது என்றோ காரணம் சொல்லியிருக்க வேண்டும்.

வைதேகி காத்திருந்தாள் (1984) படத்தில் இளையராஜா இசையில் பி. ஜெயச்சந்திரன் பாடிய தனிப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயச்சந்திரன் எறணாகுளம் ரவிபுரத்தில் பிறந்தவர். 2025 ஜனவரியில் மறைந்தார். நாற்பது ஆண்டு கழிந்தும் அந்தப் பாட்டு பஸ்ஸிலும் மேடையிலும் ஒலிக்கிறது. "இத யேசுதாஸ் பாடியிருந்தா எப்படி இருக்கும்?" என்று ஒருவர் கேட்பார். "இந்தக் குரல்ல இருக்கற ஏக்கம் வேற யாருக்கு வரும்?" என்று இன்னொருவர் பதில் சொல்வார். இந்தப் பேச்சு நடக்கும்வரை அந்தப் பாட்டுக்கு மரணமில்லை.

இன்றைய நிலையைப் பாருங்கள். கைபேசியில் ஒரு பாட்டைத் தட்டினால் அடுத்தடுத்துத் தானாகவே வருகிறது. நாம் கேட்டதைப் போன்றதையே அது கொண்டுவந்து கொட்டுகிறது. எதிர்க்கட்சி இல்லாத சட்டசபை மாதிரி! தனியார் எஃப்.எம். நிலையங்களிலோ பாட்டெழுதியவர் பெயரைக் கேட்பது அரிது. பிள்ளையிடம் "இது யார் பாட்டு?" என்று கேட்டால் படத்தில் வாயசைத்த நடிகர் பெயரைச் சொல்கிறது. 1949-ல் தட்டில் அச்சான "காமினி" எழுபது ஆண்டு கழித்து வேறு உருவில் வந்து நிற்கிறாள்.

பெயர் சொல்வது மரியாதைக்காக மட்டும் அல்ல, அது வயிற்றுப்பாட்டையும் சேர்ந்தது. 2012-ல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் தங்கள் பாட்டு பயன்படும்போது உரிமைத்தொகையில் பங்கு உண்டு. அதை அவர்கள் எழுதிக் கொடுத்தாலும் இழக்க முடியாதபடி சட்டம் காக்கிறது. பெயரே மறந்துபோன இடத்தில் உரிமையைப் பற்றி யார் பேசுவார்? ஏ.ஆர். ரஹ்மான் தம் ஆல்பங்களின் உறையில் வாத்தியக்காரர்கள் பெயரையும் அச்சிட வைத்ததை இந்த இடத்தில் நன்றியோடு நினைக்க வேண்டும். இணையத்தில் கேட்கும்போது அந்த உறையும் கண்ணில் படுவதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

"அதெல்லாம் சரி, இதுக்கு நாம என்ன பண்றது?" என்று கேட்கலாம். பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம்.

காரிலோ வீட்டிலோ பாட்டுப் போடுமுன் நான்கு பெயரைச் சொல்லுங்கள்: படம், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர். பழைய அறிவிப்பாளர் செய்த வேலையை அம்மாவோ தாத்தாவோ செய்யட்டும். எழுதியவர் பெயர் தெரிந்த பிள்ளைக்கு, அவர் வேறு என்ன எழுதினார் என்று ஒரு நாள் தேடத் தோன்றும். தேடினால் எழுத்தை வாசித்தாக வேண்டும். பாட்டு வழியே எழுத்துக்குப் போகும் பாதை இது.

இரண்டாவது, பிள்ளைகளை வாதாட விடுங்கள். "உங்க காலத்துப் பாட்டெல்லாம் ஒரே இழுவை" என்று பேரன் சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏன் இழுவை என்று கேளுங்கள். அவனுக்குப் பிடித்த பாட்டை அவன் போட்டுக் காட்டட்டும், காரணமும் சொல்லட்டும், தமிழில் சொல்லட்டும். ஒரு பாட்டு ஏன் பிடிக்கிறது என்று நாலு வாக்கியம் தமிழில் பேசுவது, மனப்பாடம் செய்த மேடைப் பேச்சைக் காட்டிலும் நல்ல பயிற்சி.

மூன்றாவது, சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் பாட்டுக்குப் பாட்டு நடத்துகிறோம். அத்துடன் நேயர் விருப்பம் ஒன்றும் நடத்தலாம். யார் பாட்டுக் கேட்டாலும் அந்த நான்கு பெயரையும் ஒரு காரணத்தையும் கார்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நம் மூத்தவர்கள் பலரிடம் பாட்டெழுதி வைத்த பழைய நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுவரச் சொல்லி, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வைத்தால், எந்தப் பாட்டை எந்த நிகழ்ச்சியில் கேட்டோம், எதற்காகச் சண்டை போட்டோம் என்ற விவரமெல்லாம் தங்கும்.

எண்பதைத் தொட்ட சிலோன் ரேடியோ நேயர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டுப் பெரியவரையும் அவருடைய நோட்டையும் கூட்டி வாருங்கள்.